எஸ்.பி. ரோட்டில் மானிட்டர் வாங்குகிறவர்களுக்கு: பில்லில் மாடல் எண் இருக்கிறதா?

கணினிக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 21,500 ரூபாய் கொடுத்து நான் வீட்டுக்கு எடுத்து வந்த மானிட்டர், கடையில் எனக்குக் காட்டப்பட்ட மானிட்டர் அல்ல. அங்கே வாங்கப் போகும் தமிழர்கள் யாரும் இதே வலையில் விழக் கூடாது என்பதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

அல்சூரில் வீட்டிலிருந்தபடியே தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். பகல் முழுவதும் திரை என்னிடம் இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் கல்லூரியில் படிக்கும் மகனிடம் போய்விடும். அவனுக்குத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் தடங்கலின்றி ஓட வேண்டும், எனக்குப் புள்ளியும் சுழியும் பிசகாமல் தெரிய வேண்டும். ஒரு மாதம் விசாரித்த பிறகு 27 இன்ச், 2560×1440 பிக்சல், 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை காட்சி மாறும் வேகம்), ஐ.பி.எஸ். பேனல் (திரை வகைகளில் ஒன்று) என்று இருவரும் முடிவு செய்தோம்.

அந்த எண்களுக்குக் காரணம் உண்டு. 27 இன்ச் திரையில் 2560×1440 இருந்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 109 பிக்சல் கிடைக்கும். அதே அளவுத் திரையில் 1920×1080 மட்டும் இருந்தால் அது 82 ஆகக் குறைந்துவிடும்; 24 இன்ச் திரையில்கூட 92 உண்டு. ஆங்கிலம் மட்டும் படிப்பவர்களுக்கு இது பெரிதாக உறுத்தாமல் போகலாம், ஆனால் ‘ஞ’, ‘ணூ’ போன்ற எழுத்துகளில் சுழிகள் அடைபட்டுப்போவதைத் தமிழில் வேலை செய்கிறவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். மகனின் கணக்கு வேறு: 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சி 16.7 மில்லி செகண்ட் நிற்கிறது, 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லி செகண்டில் அடுத்தது வந்துவிடுகிறது.

நாங்கள் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்ட கடைப் பையன் “வாங்கக்கா” என்று அழைத்து, நாங்கள் கேட்ட மாடலையே ஓடவிட்டுக் காட்டினான். பென் டிரைவில் கொண்டுபோயிருந்த என் பக்கங்களைத் திறந்து பார்த்தேன். எழுத்துகள் அச்சில் வந்ததைப் போல இருந்தன. பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்று சொன்னதை மறுத்து, பில் போடச் சொல்லி யு.பி.ஐ.யில் பணம் அனுப்பினேன். குடோனிலிருந்து சீல் போட்ட பெட்டி வந்தது. “சீல் பிரிச்சா வாரண்டில பிரச்சினை வரும், வீட்டுல போய்ப் பிரிச்சுக்கங்கக்கா” என்றான். அது பொய். வாரண்டி சீரியல் எண்ணையும் பில்லையும் வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. கடையிலேயே பெட்டியைத் திறந்து பார்ப்பதால் அது போய்விடாது.

வீட்டில் இணைத்தபோது, விண்டோஸ் திரை அமைப்பில் 1920×1080-க்கு மேல் வேறு தேர்வே இல்லை. முதலில் கேபிளைத்தான் சந்தேகித்தோம், ஏனென்றால் பழைய ஹெச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பு 2560×1440 படத்தை 75 ஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுசெல்லாது. டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறு வகைக் கேபிள் வாங்கி மாட்டிய பிறகு 144 ஹெர்ட்ஸ் வந்தது, பிக்சல் மட்டும் கூடவில்லை. பின்புற ஸ்டிக்கரைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: கடையில் பார்த்த அதே மாடல் எண், கடைசி எழுத்து மட்டும் வேறு. தயாரிப்பாளரின் தளத்தில் தேடினால், இது 1920×1080 பிக்சலும் வி.ஏ. என்ற வேறு வகைப் பேனலும் கொண்டது, விலையும் பல ஆயிரம் குறைவு.

சிறிய எழுத்தில் ‘எண்ணெய்’ என்ற சொல்லைத் திறந்து பார்த்தேன். ‘ண்’ மேலிருக்கும் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டு ‘ண’ என்றே தெரிந்தது. மெய்ப்புப் பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் கிடையாது. மகனோ, விளையாட்டில் இருண்ட நடைபாதையில் சட்டென்று திரும்பும்போது தூண்களுக்குப் பின்னால் கருப்பு இழுபடுவதைக் காட்டினான். வி.ஏ. பேனல் மோசமானது என்று நான் சொல்லவில்லை, ஐ.பி.எஸ்.ஸில் வழக்கமாக 1000:1 அளவில் இருக்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் கருப்புக்கும் உள்ள வேறுபாடு) இதில் 3000:1 வரை கிடைப்பதால் படம் பார்க்க அது நன்றாகவே இருக்கும். ஆனால் இருண்ட நிறங்களுக்கிடையே அது மெதுவாகத்தான் மாறும். பெட்டியில் இருந்த ‘1 எம்.எஸ்.’ (மில்லி செகண்ட்) என்பதன் கீழே பொடி எழுத்தில் ‘எம்.பி.ஆர்.டி.’ என்று இருந்தது. அது பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டுப் பெறும் அளவு. பிக்சல் நிறம் மாறும் வேகம் அல்ல.

மறுநாள் காலை போனபோது, நேற்று அக்காவாக இருந்த நான் மேடம் ஆகிவிட்டேன். “27 இன்ச் கேட்டீங்க, 27 இன்ச் குடுத்திருக்கோம், பில்லைப் பாருங்க மேடம்” என்றார் முதலாளி. பில்லில் ‘27 இன்ச் எல்.இ.டி. மானிட்டர் – 1’ என்பதைத் தவிர மாடல் எண்ணும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. பில் கேட்டு வாங்கிய நான் அதைப் படிக்காமல் மடித்துப் பையில் வைத்ததுதான் அவர்களுக்குப் பிடிமானமாகிவிட்டது. பழைய பொருளாக எண்ணி 9,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக அவர் சொன்னதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

ஆகவே, பணம் அனுப்பும் முன்பே கடைசி எழுத்து உட்பட முழு மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, மானிட்டரின் பின்புற ஸ்டிக்கரையும் பெட்டியையும் பில்லையும் ஒத்துப்பாருங்கள்; லேப்டாப் கொண்டுபோய் இணைத்து, நீங்கள் அன்றாடம் பார்க்கும் கோப்பையே திறந்து பாருங்கள். மறுக்கிற கடையை விட்டு வெளியே வந்துவிடலாம், அந்தத் தெருவில் கடைக்குப் பஞ்சமில்லை.

ஒன்றைக் காட்டி வேறொன்றை விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன். பில்லில் உள்ளதைத்தான் கொடுத்தோம் என்று கடையிலிருந்து பதில் வந்தது. நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. மனு தயாராகிவிட்டது. கடையில் ஓடிய திரையில் எழுத்து எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அப்பாவுக்குக் காட்டுவதற்காக மகன் கைபேசியில் ஒரு படம் எடுத்திருந்தான். அதன் ஓரத்தில் மாடல் எண்ணும் 21,500 என்ற விலைச்சீட்டும் சேர்ந்து விழுந்திருக்கின்றன. அந்தப் படத்தைத்தான் முதல் ஆவணமாக இணைத்திருக்கிறேன்.