வெளிநாட்டு சர்ச்சுக்குப் போறவங்களுக்கு தமிழ்-இங்கிலீஷ் இருமொழி பைபிள்: என் ரிவ்யூ

வெளிநாட்டுக்குக் குடும்பத்தோட கிளம்பற கிறிஸ்தவங்க யாராவது என்ன எடுத்துட்டுப் போகலாம்னு கேட்டா நான் முதல்ல சொல்றது இந்த பைபிளத்தான். ஒரே பக்கத்துல இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலீஷ், வசனத்துக்கு வசனம் நேருக்கு நேரா இருக்கும். தமிழ் வந்து நம்ம எல்லாருக்கும் பழக்கமான ஓவி (ஓல்ட் வெர்ஷன்), அதாவது ஹென்றி பவர் தலைமையில திருத்தி 1871ல முழுசா வந்த அதே பழைய மொழிபெயர்ப்பு. இங்கிலீஷ்ல கேஜேவி (கிங் ஜேம்ஸ் வெர்ஷன்), என்கேஜேவி (நியூ கிங் ஜேம்ஸ்), இஎஸ்வி (இங்கிலீஷ் ஸ்டாண்டர்ட் வெர்ஷன்)ன்னு தனித்தனி பதிப்பு கிடைக்குது. என்கிட்ட இருக்கறது இஎஸ்வி போட்டது, அத வச்சுதான் எழுதறேன்.

எதுக்கு இது வேணும்னா, வெளியூர் போனதும் நம்ம ஆளுங்க பெரும்பாலும் ரெண்டுல ஒரு பக்கமா சாஞ்சிடறாங்க. ஒண்ணு, எப்பவாவது கூடற தமிழ் கூடுகையோட நிறுத்திக்கிட்டு பக்கத்துல இருக்கற சபைப் பக்கமே போறதில்ல, பாஸ்டர பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, ஜெபம் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுது, இதெல்லாம் ஒரு ஆராதனையான்னு ஒதுங்கிடறாங்க. இல்லன்னா முழுக்க இங்கிலீஷுக்கு மாறிட்டு, பிரசங்கம் நல்லா புரியுது ஆனா தனியா முழங்கால் போட்டா வார்த்தையே வரமாட்டேங்குதுன்னு சொல்றாங்க. ரெண்டாவது சொன்னவங்க வருத்தம் எனக்கு ரொம்பப் பெருசா படுது, ஏன்னா சின்ன வயசுல இருந்து மனப்பாடம் பண்ண வசனம் எல்லாம் தமிழ்லதான் உள்ள இருக்கு, கஷ்டம் வரும்போது மனசுல எழும்பறதும் அதுதான். அத விடாமலே புது சபைல முழுசா உக்கார முடியும்னு எனக்குக் காட்டுனது இந்த புத்தகம்.

முதல் உதவி ரொம்ப சாதாரணமானது. பாஸ்டர் ஆக்ட்ஸ் சிக்ஸ் எடுங்கம்பாரு, நமக்கு அது அப்போஸ்தலர் ஆறு. லேமென்டேஷன்ஸ்னா புலம்பல், எக்லீசியாஸ்டஸ்னா பிரசங்கி, ஜேம்ஸ்னா யாக்கோபு. நாம கண்டுபிடிச்சு புரட்டறதுக்குள்ள அவரு வாசிச்சு முடிச்சு பாதி விளக்கமும் சொல்லியிருப்பாரு. இதுல பக்கத்து மேலயே ரெண்டு பேரும் போட்டிருக்கறதால கொஞ்ச வாரத்துல தடுமாற்றம் போயிடும். காது இங்கிலீஷ்ல கேக்கும், கண்ணு தமிழ்ல ஓடும். அவங்க வேகமா வாசிக்கும்போது ஒரு வரி விட்டுப்போனாலும் இடது பக்கம் பாத்தா வசனம் முழுசா இருக்கும்.

அடுத்ததுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. எங்க கூடுகைல ஒரு ஆன்ட்டி இருக்காங்க, நல்ல ஜெபிக்கிறவங்க. ஒருநாள் மத்தேயு 17 வாசிக்கும்போது 21ம் வசனம் தமிழ்ல இருக்கு, உபவாசத்தையும் ஜெபத்தையும் பத்தின வசனம், இங்கிலீஷ் பக்கம் 20க்கு அப்புறம் நேரா 22 வருது. அப்போஸ்தலர் 8:37லயும் அதே மாதிரி. ஆன்ட்டி முகமே மாறிடுச்சு, இந்த ஊர்க்காரங்க வேதத்துல வசனத்த வெட்டிட்டாங்க, இந்த சபைக்கு பிள்ளைங்கள அனுப்பவே கூடாதுன்னுட்டாங்க. அவங்க பயம் நியாயமான பயம்தான், வேதத்துல ஒண்ணும் கூட்டக்கூடாது குறைக்கக்கூடாதுன்னு வளந்த தலைமுறை. ஆனா நடந்தது வேற. ஓவியோட புதிய ஏற்பாடும் 1611ல வந்த கேஜேவியும் அந்தக் காலத்துல புழக்கத்துல இருந்த கிரேக்க மூலத்த அடிப்படையா வச்சது. 19ம் நூற்றாண்டுல சினாய் மலை மடத்துல இருந்து கிடைச்ச பிரதி மாதிரி இன்னும் பழைய கையெழுத்துப் பிரதிகள ஆராய்ச்சி பண்ணி 1881ல வெஸ்ட்காட், ஹார்ட்னு ரெண்டு அறிஞர்களோட கிரேக்க புதிய ஏற்பாட்டுப் பதிப்பு வந்துச்சு, நம்ம ஓவி அதுக்குப் பத்து வருஷம் முந்தினது. பழைய பிரதிகள்ல அந்த வசனங்கள் இல்லாததால பின்னாடி வந்த என்ஐவி, இஎஸ்வி மாதிரி இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு எல்லாம் அத அடிக்குறிப்புல போட்டுட்டு வசன நம்பர மட்டும் மாத்தாம விட்டிருக்காங்க. ஒளிச்சு வைக்கல, பக்கத்துக்குக் கீழ சின்ன எழுத்துல அங்கயே இருக்கு. உபவாசத்த எடுத்துட்டாங்கன்னும் இல்ல, மத்தேயு 6ல உபவாசம் பத்தி ஆண்டவர் சொன்னது ரெண்டு பக்கமும் அப்படியே இருக்கு. இதையெல்லாம் ஆன்ட்டிகிட்ட பக்கத்த விரிச்சு வச்சு காட்டுனோம். தமிழ் பைபிள் மட்டும் கைல இருந்திருந்தா அந்த சந்தேகம் வந்திருக்காது, ஆனா வேற யாராவது சொல்லி ஒருநாள் தெரியவந்து விசுவாசமே ஆடிப்போறதுக்கு, இப்படி சொந்த ஜனங்க நடுவுல பாத்து விசாரிச்சுத் தெரிஞ்சுக்கறது எவ்வளவோ நல்லது. ஆன்ட்டி பேரப்பிள்ளைங்க இப்ப அந்த சபை ஞாயிறு பள்ளிக்குப் போறாங்க.

வீட்ல குடும்ப ஜெபத்துக்கு இதவிட நல்ல ஏற்பாடு நான் பாக்கல. பிள்ளைங்க தமிழ் பேசுதுங்க, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது. நாங்க ஒரு வசனம் தமிழ்ல வாசிப்போம், அதே வசனத்த அவங்க இங்கிலீஷ்ல வாசிப்பாங்க. தானியேல் முதல் அதிகாரம் வாசிச்ச அன்னிக்கு பெரியவன், அப்பா அவருக்கும் பேர மாத்திட்டாங்களான்னு கேட்டான். ஸ்கூல்ல அவன் பேர சுருக்கிதான் கூப்பிடறாங்க, அது அவன் மனசுல இருந்திருக்குன்னு அப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சது. பாபிலோனுக்கு சிறையா கொண்டுபோன தானியேலுக்கு அங்க பெல்தெஷாத்சார்னு பேர் வச்சாங்க, கல்தேயரோட எழுத்தையும் பாஷையையும் மூணு வருஷம் படிக்கச் சொன்னாங்க, அவர் படிச்சாரு, வேலையும் பாத்தாரு. ராஜா போஜனத்துல மட்டும்தான் முடியாதுன்னு தீர்மானம் பண்ணாரு, அதையும் சண்டை போடாம பத்து நாள் சோதிச்சுப் பாருங்கன்னு பணிவா கேட்டாரு. எத ஏத்துக்கறது எதுல நிக்கறதுன்னு பிள்ளைகிட்ட பேச எங்களுக்கு வேற புத்தகம் தேவைப்படல, அன்னிக்கு ரொம்ப நேரம் பேசுனோம். எரேமியா 29ம் அதே மாதிரிதான், பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவங்களுக்கு எழுதுன கடிதம், வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, நீங்க இருக்கற பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு. நாம எல்லாம் அதுல வாக்குத்தத்தம் சொல்ற 11ம் வசனத்த மட்டும் காலண்டர்ல பாத்து வளந்தவங்க, வெளிநாட்ல உக்காந்து 5ல இருந்து வாசிக்கணும்.

போன்ல ஆப் இருக்கே, ரெண்டு மொழியும் சேந்து காட்டுதேன்னு கேப்பீங்க. நானும் ஆப் யூஸ் பண்றேன், பஸ்ல அதுதான். ஆனா சபைல போன் பாக்கறவன் என்ன பாக்கறான்னு பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாது. இந்த புத்தகத்த விரிச்சு வச்சிருந்தப்ப பக்கத்து சீட்ல இருந்த வயசான அம்மா விரல் வச்சு எழுத்த தொட்டுப் பாத்து, இது என்ன பாஷைன்னு கேட்டாங்க. அந்தப் பேச்சுல ஆரம்பிச்சு, ஒரு ஞாயிறு எங்கள சங்கீதம் 121 தமிழ்ல வாசிக்கச் சொல்லி பாஸ்டர் கூப்பிட்டாரு, எங்களுக்கு அது பெரிய சந்தோஷம். எருசலேம் சபையிலயே அப்போஸ்தலர் 6ல பாத்தா கிரேக்கு பேசுன விதவைகள அன்றாட விசாரணைல கவனிக்கலன்னு முறுமுறுப்பு வந்திருக்கு, அதுக்கு சபை தெரிஞ்செடுத்த ஏழு பேருக்குமே கிரேக்கப் பேரு. பாஷையால மனஸ்தாபம் அன்னிக்கே இருந்திருக்கு, அத சரி பண்ண வழியும் அன்னிக்கே இருந்திருக்கு.

குறைன்னு பாத்தா கனம்தான். ரெண்டு பைபிள ஒண்ணா சேத்து தைச்சது, வேற எப்படி இருக்கும். எழுத்து சின்னது, கண்ணாடி போடற வயசுக்காரங்க கடைல ஒரு பக்கம் வாசிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. தாள் ரொம்ப மெல்லிசு, இங்க் பேனா வச்சு கோடு போட்டா பின்பக்கம் தெரியும், பென்சில் போதும். தமிழ் அதிக இடம் எடுக்கறதால இங்கிலீஷ் பக்கம் அங்கங்க வெள்ளையா கிடக்கும், அது அச்சுப் பிழை இல்ல, நான் குறிப்பு எழுத அந்த இடத்ததான் யூஸ் பண்றேன். ஓரத்துல புத்தகப் பேர் வெட்டி வச்ச தம்ப் இண்டெக்ஸ் கிடைச்சா அத எடுங்க.

கத்தோலிக்க குடும்பங்களுக்கு இது சரிப்படாது, இதுல 66 புத்தகம்தான், உங்களுக்கு 73 இருக்கற திருவிவிலியம் வேணும். மத்தவங்க, கேஜேவி போட்டத பாஷை பழகறதுக்குன்னு வாங்காதீங்க, அந்த இங்கிலீஷ இப்ப யாரும் பேசறதில்ல. நீங்க போற சபைல என்ன வாசிக்கறாங்கன்னு கேட்டுட்டு அதுக்குப் பக்கத்துல வர்றத எடுங்க. தமிழோட வசனம் பிசகாம ஒத்துப்போகணும்னா என்கேஜேவி, அதுவும் பழைய கிரேக்க மூலத்தையே வச்சது. அட்டைல சரியா போடலன்னா மத்தேயு 6:13 திறந்து பாருங்க, ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்னு நாம முடிக்கற பகுதி இங்கிலீஷ் பக்கமும் வசனத்துக்குள்ளயே இருந்தா அது கேஜேவி வழி, அடிக்குறிப்புக்குப் போயிருந்தா இஎஸ்வி மாதிரி புதுசு.