ரீடைரக்ட்: முழு முகவரியா, பாதை மட்டுமா?

மாசி வீதிப் பக்கம் சுங்குடிச் சேலை விற்கும் கடை ஒன்றின் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் கடைக்காரர் போன் செய்தார்: "தம்பி, சுங்குடிப் பக்கத்தை அமுக்கினா சுத்திக்கிட்டே நிக்குதுப்பா." என் லேப்டாப்பில் நன்றாகத் திறந்தது. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த லிங்கில் கடைசிச் சாய்கோடு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முன்னால் இருந்த ப்ராக்ஸி (கோரிக்கையை முதலில் வாங்கிப் பின்னால் அனுப்பும் சர்வர்) ஹெச்டிடிபிஎஸ்ஸைக் கவனித்தது. பின்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் 8080 போர்ட்டில் ஓடியது. சாய்கோடு இல்லாமல் ஒரு ஃபோல்டரைக் கேட்டால் என்ஜின்எக்ஸ் தானாகவே 301 அனுப்பும்; 'நிரந்தரமாக வேறு முகவரிக்கு மாறிவிட்டது, அங்கே போ' என்று பிரவுசருக்குச் சொல்லும் ரீடைரக்ட் அது. எங்கே போகணும் என்று சொல்லும் லொக்கேஷன் வரியில் முழு முகவரியை எழுதும்: வெறும் ஹெச்டிடிபி, டொமைன், கூடவே 8080. முன்னால் ப்ராக்ஸி இருப்பது அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து வருபவர்களுக்கு அந்தப் போர்ட் மூடியிருந்தது.

'அப்சொல்யூட்_ரீடைரக்ட் ஆஃப்' என்று என்ஜின்எக்ஸ் அமைப்பில் ஒரு வரி சேர்த்தேன் (1.11.8 பதிப்பிலிருந்து உண்டு). அதன்பின் லொக்கேஷனில் டொமைனும் போர்ட்டும் இல்லாமல், சாய்கோட்டில் தொடங்கும் பாதை மட்டும் போனது. அன்றிலிருந்து நான் பாதை மட்டும் என்ற கட்சி.

முழு முகவரி தவிர்க்க முடியாத இடங்கள் உண்டு: ஹெச்டிடிபியிலிருந்து ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு, ஒரு டொமைனிலிருந்து இன்னொன்றுக்கு. ஹெச்டிடிபிக்கான 1999-இன் தர ஆவணம் ஆர்எஃப்சி 2616 முழு முகவரியைத்தான் கேட்டது. 2014-இல் வந்த 7231 பாதையையும் ஏற்றுக்கொண்டது, அதனால் அந்தக் கவலை வேண்டாம்.

எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்புதான். பாதை மட்டும் கொடுத்தால் ஸ்கீம் (ஹெச்டிடிபியா, ஹெச்டிடிபிஎஸ்ஸா), டொமைன், போர்ட் மூன்றையும் பிரவுசர் தான் கேட்ட முகவரியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சர்வரை மாற்றினாலும் நடுவில் இன்னொரு ப்ராக்ஸி வந்தாலும் அந்த விதியைத் தொடவே வேண்டாம். முழு முகவரியை சர்வரே கட்டினால் ஒவ்வொரு அடுக்கிலும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ (வாடிக்கையாளர் வந்தது ஹெச்டிடிபியிலா ஹெச்டிடிபிஎஸ்ஸிலா என்று ப்ராக்ஸி சொல்லும் ஹெட்டர்) சரியாக வருகிறதா, அதை நம்பலாமா என்று பார்க்கணும். கேட்பவர் அனுப்பும் டொமைன் பெயரான ஹோஸ்ட் ஹெட்டரை அப்படியே நம்பிக் கட்டினால், பொய்யான ஹோஸ்ட்டோடு வந்த பதிலை நடுவில் உள்ள கேஷ் (பதில்களைச் சேமித்துவைக்கும் இடம்) பிடித்துவைத்து மற்றவர்களுக்கும் கொடுத்துவிடலாம். தவறான 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்வது இன்னும் வேதனை. நான் சரிசெய்த பிறகும் சில வாடிக்கையாளர் போன்கள் 8080-க்கே போய் நின்றன. பண்டிகை வியாபாரத்தில் அது சின்ன இழப்பில்லை.

பாதையிலும் கவனம் வேண்டும். ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்குங்கள். அது இல்லாவிட்டால் நிற்கும் ஃபோல்டரை ஒட்டிப் போகும்; இரண்டு போட்டால் அடுத்து வருவதை டொமைனாக எடுத்துக்கொள்ளும். லாகின் முடிந்து திருப்பி அனுப்பும் பாதையை யூசரிடமிருந்து வாங்கினால் இதைக் கட்டாயம் சோதியுங்கள்.

நான் நெருங்கிப் பழகியது என்ஜின்எக்ஸோடுதான். டாம்கேட் என்ற ஜாவா சர்வரிலும் இதற்கு ஒரு அமைப்பு உண்டு, ஆனால் அதைப் பெரிய தளத்தில் நான் ஓட்டியதில்லை. எதுவானாலும் மாற்றியதும் கர்ல் (கமாண்ட் வரியிலிருந்து பக்கத்தைக் கேட்கும் கருவி) போட்டு லொக்கேஷன் வரியைப் பாருங்கள். சாய்கோடு இல்லாத லிங்கையும் சேர்த்துத்தான்.