சொந்தப் பெட்டியைப் பிரிப்பதா, புதுப்பேட்டைப் பெட்டியை மாட்டுவதா? கியர் பாக்ஸ், கிளட்ச் வேலையில் எது லாபம்

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஸ்விஃப்ட், வேகன்-ஆர் ரகக் கார்களில் கியர் பாக்ஸ் முனக ஆரம்பித்தால் மெக்கானிக் இரண்டு வழி சொல்வார். ஒன்று, இருக்கிற பெட்டியைப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றுவது. இன்னொன்று, சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய கார்களிலிருந்து கழற்றி வைத்த பெட்டியை வாங்கி மாட்டுவது. பெட்டியை இறக்கி ஏற்றும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். மாட்டிய பழைய பெட்டியும் சத்தம் போட்டால் அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டும். விலை பேசும்போது இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

முதலில் கோளாறு பெட்டியில்தானா என்று பாருங்கள். எஞ்சினை ஐடிலில் விட்டு, நியூட்ரலில் கிளட்சிலிருந்து காலை எடுங்கள். அப்போது வரும் உறுமல் கிளட்சை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் (எஞ்சின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் தண்டு) பேரிங். மிதித்தால்தான் கீச்சென்று வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங், அதாவது மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங். அதற்காகப் பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம். ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்த ஜோடிப் பற்கள். இரண்டாம் கியர் மட்டும் கரகரத்து விழுகிறதா? நியூட்ரலில் ஒரு தரம் கிளட்சை விட்டு, மறுபடி மிதித்துப் போட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு விழுந்தால் சிங்க்ரோ ரிங் (கியர் விழுமுன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) தேய்ந்துவிட்டது. கிளட்சை மிதித்து நான்கைந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டாலும் கரகரத்தால், பெட்டிமேல் பழி போடாதீர்கள். கிளட்ச் முழுதாக விடவில்லை.

பேரிங், சிங்க்ரோ, ஆயில் சீல் என்ற அளவில் கோளாறு நின்றால் சொந்தப் பெட்டியைப் பிரிப்பதே சரி. அதன் கேஸும் பற்களும் எப்படி ஓடின என்பது உங்களுக்குத் தெரியும். வாங்கும் பெட்டியின் ஜாதகம் யாருக்கும் தெரியாது. சிங்க்ரோ ரிங்கை அதன் கோன் மேல் கையால் அழுத்தி, ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும் இடைவெளி 0.5-க்குக் கீழே போயிருந்தால் ரிங் போச்சு. கழற்றும் ரிங் ஒவ்வொன்றும் எந்தக் கியருடையது என்று குறித்து வைக்க வேண்டும். ஹப் (ஷாஃப்டில் உட்காரும் மையத் துண்டு), ஸ்லீவ் (அதன்மேல் நகர்ந்து கியரைப் பூட்டும் வளையம்) இரண்டுக்கும் பக்கம் உண்டு. திருப்பிப் போட்டால் கியர் முழுதாக ஏறாமல் ஓட்டத்தில் வெளியே துள்ளும்.

பேரிங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்றுபவரிடம் வேலை கொடுக்காதீர்கள். பிரஸ்ஸில் அழுத்த வேண்டும், அல்லது ஆயிலில் 100 டிகிரிக்குள் சூடேற்றி நழுவவிட வேண்டும். டேப்பர் பேரிங் உள்ள ஷாஃப்டில் புது பேரிங் போட்டால் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) கனத்தையும் அளந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய ஷிம்மையே வைத்து மூடினால், இறுக்கமானது சூடேறித் தின்றுவிடும், தளர்ந்தது ஊளையிடும். “புது பேரிங் போட்டும் சத்தம் போகலை” என்ற புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

அப்படியானால் பழைய பெட்டி எப்போது லாபம்? கேஸ் வெடித்திருந்தால், டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பகுதி) உடைந்திருந்தால், அல்லது ஷாஃப்டோடு ஒரே வார்ப்பாக உள்ள பற்கள் போயிருந்தால். மாருதியின் இந்தப் பெட்டிகளில் இன்புட் ஷாஃப்டில் முதல், இரண்டாம் கியர்ப் பற்கள் ஷாஃப்டோடு சேர்ந்தவை. அவை போனால் ஷாஃப்டையே மாற்ற வேண்டும், ஜோடிக் கியரையும் சேர்த்து. அந்தக் கணக்கில் பழைய பெட்டி ஜெயித்துவிடும்.

வாங்கும்போது ஆயில் வடித்த பெட்டியை வாங்காதீர்கள்; ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். அந்தப் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் பரவாயில்லை. தகடு தகடாக இரும்புத் துணுக்கு இருந்தால் நடையைக் கட்டுங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் முழுகிய கார்கள் சென்னையில் ஏராளம்; பிரீதர் (பெட்டியின் காற்றுத் துளை) வழியாகப் புகுந்த நீர் பேரிங்கில் துரு வைத்திருக்கும், கையால் சுழற்றினால் மொறமொறக்கும். ஒவ்வொரு கியரிலும் போட்டு ஷாஃப்டைச் சுழற்றிப் பாருங்கள். கேஸ் இணைப்பில் பல நிறத்தில் சீலன்ட் பிதுங்கியிருந்தால் ஏற்கனவே யாரோ திறந்த பெட்டி. டீசல் ஸ்விஃப்ட் பெட்டி பெட்ரோலுக்குப் பொருந்தாது. பெட்ரோலுக்குள்ளேயே மாடலுக்கு மாடல் ஃபைனல் டிரைவ் (சக்கரத்துக்குப் போகும் கடைசிப் பல் ஜோடி) விகிதம் மாறும், பெட்டி எண்ணை ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள்.

எந்த வழி போனாலும் கிளட்ச் கேள்வி தானே வரும்: பிளேட் மட்டுமா, செட்டா? இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பெட்டி இறங்கிவிட்டது, பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றுங்கள். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.5 மி.மீ.-க்கு மேல் பாக்கி, பிரஷர் பிளேட் விரல்கள் சமமட்டம், ஃப்ளைவீலில் நீலத் தழும்பு இல்லை என்று எல்லாமே நன்றாக இருந்தால் மட்டும் விட்டுவைக்கலாம். அப்போதும் ரிலீஸ் பேரிங் புதிது. எஞ்சின் பின் ஆயில் சீலையும் இன்புட் ஷாஃப்ட் சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள். கசிந்த ஆயில் புது பிளேட்டை ஒரே மாதத்தில் வழுக்க வைக்கும்.

ஏற்றும்போது பிளேட்டை டம்மி ஷாஃப்ட் (இன்புட் ஷாஃப்ட் போன்ற மாதிரித் தண்டு) வைத்து மையப்படுத்தி, போல்ட்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் படிப்படியாக இறுக்க வேண்டும். ஸ்ப்லைனில் (பிளேட் உட்காரும் ஷாஃப்ட் வரிப்பள்ளங்களில்) பயறளவு மாலிப்டினம் கிரீஸ் போதும், அதிகமானால் லைனிங்கில் தெறிக்கும். பெட்டியின் பாரத்தை ஷாஃப்ட் மேல் தொங்கவிட்டால் பிளேட் வளைந்து, வண்டி கிளம்பும்போது நடுங்கும்.

கேபிள் கிளட்ச் மலிவு, ரோட்டோரத்திலும் மாற்றலாம். ஆனால் லைனிங் தேயத் தேய ஃப்ரீ பிளே, அதாவது அழுத்தம் தொடங்குமுன் உள்ள வெற்று ஆட்டம், குறையும். ரிலீஸ் கை முனையில் 2 முதல் 4 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும். இல்லாவிட்டால் பேரிங் எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருந்து தேயும். ஹைட்ராலிக்கில் தேய்மானத்தை அதுவே ஈடுகட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஃப்ளூயிட் மாற்ற வேண்டும். பெடல் தரையோடு ஒட்டினால் ஸ்லேவ் சிலிண்டரின் (ஃப்ளூயிட் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் சிலிண்டர்) ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் அதுதான் காரணம்.

கடைசியாக ஆயில். கையேடு சொல்லும் கிரேடில் ஜிஎல்-4 தர கியர் ஆயில் ஊற்றுங்கள். கடையில் ஜிஎல்-5 “இன்னும் ஸ்ட்ராங்” என்பார்கள். அது டிஃபரன்ஷியலுக்கு நல்லது, பித்தளை சிங்க்ரோவுக்கு அல்ல. பிரித்த பெட்டியில் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஒருமுறை வடித்து, காந்தத்தை மறுபடி பாருங்கள்.