எந்த நாட்டு விசா நம் வீட்டுக் கணக்குக்கு ஒத்துவரும்?

மலேசியாவில் பல்கலைக்கழகம் போகுமுன் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வின் முடிவு வந்த வாரத்திலிருந்து, சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்கு வரும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்பதுதான். படிவம் நிரப்ப உதவுகிறவன் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது வேறொன்று: எந்த நாட்டின் விசா நிபந்தனைகளை உங்கள் வீட்டு வருமானத்தால் கடைசிப் பருவம் வரை மீறாமல் காப்பாற்ற முடியும்? செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் பிள்ளையை அனுப்பும் குடும்பத்திற்கு, தரவரிசையைவிட இந்தக் கேள்வியே முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனவே இங்கிருந்து பெரும்பாலோர் யோசிக்கும் நான்கு வழிகளை, அதாவது ஆஸ்திரேலியா, பிரிட்டன், இந்தியா, இங்கேயே இரண்டாண்டு படித்துக் கடைசி ஆண்டுக்கு மட்டும் வெளியே போகும் டூ பிளஸ் ஒன் ஆகியவற்றை, அந்தக் கண்ணோட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் பகுதிநேர வேலை. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்திற்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்கு வாரத்திற்கு 20 மணி நேரம். வாரத்திற்கு 24, 20 என்று பார்த்தால் ஆஸ்திரேலியா தாராளமாகத் தோன்றும். ஆனால் எண்ணும் முறையில்தான் சிக்கல் இருக்கிறது. நான் மெல்பர்னில் படித்த 2015இல் வரம்பு 40 மணி நேரமாக இருந்தது. ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலையில் ஒரு வாரம் 12, மறுவாரம் 28, அதற்கடுத்த வாரம் 15 மணி நேரம் செய்தேன். சம்பளச் சீட்டில் முதல் இரண்டு வாரம் சேர்ந்து 40 என்று சரியாகவே நின்றது. ஆனால் விசா விதி, திங்கட்கிழமை தொடங்கும் எந்தப் பதினான்கு நாளையும் எடுத்து எண்ணும். இரண்டாம் வாரத்தையும் மூன்றாம் வாரத்தையும் கூட்டினால் 43 வந்தது. அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய தினசரி நாட்காட்டியில் ஷிப்டுகளைக் குறித்துப் பார்த்த அன்றுதான் இது எனக்கே தெரிந்தது. விசாவை ரத்து செய்ய அந்த மூன்று மணி நேரம் போதுமான காரணம் என்று அறிந்தபின் பல இரவுகள் தூக்கம் இல்லை. மேலாளர் அடுத்த வார அட்டவணையைத் தரும்போது முந்தின வாரத்தோடும் கூட்டிப் பார்த்துவிட்டே சரி என்று சொல்லும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

பிரிட்டனில் ஒவ்வொரு வாரமும் திங்கள் முதல் ஞாயிறு வரை தனித்தனியாக எண்ணப்படும். ஒரு வாரம் குறைந்ததை மறுவாரம் ஈடுகட்ட முடியாது. எண்ணுவதற்கு எளிது என்பதால் தவறு நேர்வது குறைவு. ஆனால் அங்கே சுயதொழில் அறவே கூடாது. சுயதொழிலாகக் கருதப்படும் உணவு டெலிவரி வேலையில் ஒரு மணி நேரம் ஓடினாலும் அது மீறல்தான். ஆஸ்திரேலியாவில் டெலிவரி ஓட்டலாம், அது 48 மணி நேரத்துக்குள் அடங்கவேண்டும். படிப்பு தொடங்கும் முன்பே அங்கு போய் வேலையில் சேர்வதும் கூடாது. விடுமுறைக் காலத்தில் இரு நாடுகளிலும் முழுநேரம் வேலை செய்யலாம். இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான்: வீட்டு வாடகையைப் பகுதிநேரச் சம்பளத்திலிருந்து கட்டலாம் என்று திட்டமிட்டுப் போகிற மாணவர், வாடகை ஏறிய மாதமே வரம்பைத் தாண்டும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். அந்தச் சம்பளம் பேருந்துக்கும் புத்தகத்திற்கும் போதுமானதாக இருக்கட்டும். வாடகைக்கு அதை நம்பவேண்டாம்.

இனிப் பணத்தைக் காட்டும் விதிகள். ஆஸ்திரேலியாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 29,710 ஆஸ்திரேலிய டாலரும், அதற்குமேல் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் இருப்பதைக் காட்டவேண்டும். 2025 ஜூலை முதல் விண்ணப்பக் கட்டணமே 2,000 டாலர். விசா மறுக்கப்பட்டால் அது திரும்பாது. பிரிட்டனில் 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்ட், லண்டனில் 1,529 பவுண்ட் என ஒன்பது மாதத்திற்குக் கணக்கிடுகிறார்கள். லண்டனுக்கு வெளியே படிப்பவருக்கு அது 10,539 பவுண்ட். இதோடு மருத்துவச் சேவைக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்ட் முன்கூட்டியே கட்டவேண்டும். ஆஸ்திரேலியத் தொகையோடு ஒப்பிட்டால் பிரிட்டனின் தொகை இலகுவாகத் தெரிந்தாலும், அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் ஒரு நாள்கூடக் குறையாமல் மாணவர் அல்லது பெற்றோர் கணக்கில் இருக்கவேண்டும்.

சென்ற ஆண்டு ஓர் அம்மா வங்கிப் புத்தகத்தை என் மேசையில் விரித்துவைத்து, "தம்பி, எங்க அண்ணன் கணக்குல இருக்கிற காசைக் காட்டினா ஆகாதா?" என்று கேட்டார். தாய்மாமன் பணம் பிரிட்டனுக்கு ஆகாது. அவர் சட்டப்படியான பாதுகாவலராக இருந்தால் மட்டுமே ஆகும். அந்தப் பணத்தை 28 நாளுக்கு முன்பே பெற்றோர் கணக்குக்கு மாற்றி, அங்கேயே தொடாமல் வைத்திருந்தால் பயன்படும். தொழிலாளர் சேமநிதியான இபிஎஃப் சேமிப்பும் அப்படித்தான். ஓய்வுக்கால நிதி கணக்கில் எவ்வளவு இருந்தாலும் அதைக் கையிருப்பாக ஏற்கமாட்டார்கள். கல்விக்காக அதை எடுக்க இபிஎஃப் இடம் தருகிறது என்பது வேறு விஷயம், அதற்குரிய நாட்களையும் சேர்த்தே திட்டமிடவேண்டும். மலேசியர்கள் பிரிட்டன் விண்ணப்பத்தோடு வங்கிச் சான்றை இணைக்கத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் விதியிலிருந்து விலக்கு கிடைத்துவிட்டதாக அதைப் புரிந்துகொள்ளக்கூடாது. எப்போது கேட்டாலும் காட்டவேண்டியிருக்கும், காட்ட முடியாவிட்டால் மறுப்புதான்.

இந்தியாவில் விசா விதிகள் சில வரிகளில் அடங்கிவிடும். மாணவர் விசாவில் வேலைக்கே இடமில்லை. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் போகிறவர் இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதியவேண்டும். இப்போது அதை இணையத்திலேயே செய்யலாம். விடுதி வாசலில் பெட்டியை இறக்கிய மகிழ்ச்சியில் பலரும் மறப்பது இந்த 14 நாளைத்தான். வேலை செய்ய முடியாது என்பதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒரு வகையில் நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது, ஏனெனில் முழுச் செலவும் வீட்டிலிருந்துதான் போகும் என்று குடும்பம் முதல் நாளே தெரிந்துகொள்கிறது. இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் மாணவர் விசாவும் பதிவும் தேவையில்லை. ஆனால் கொள்ளுத்தாத்தா கப்பலேறி வந்ததற்கான காகிதம் நம் தோட்டத்துக் குடும்பங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

டூ பிளஸ் ஒன் வழியில் விசா காலம் ஓராண்டாகச் சுருங்குகிறது; தகுதிபெறும் படிப்பானால் உள்நாட்டு ஆண்டுகளுக்கு அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன்னும் கிடைக்கலாம். ஆனால் படிப்புக்குப் பின் அங்கே தங்கி வேலை பார்க்க எண்ணுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆஸ்திரேலியாவின் 485 பட்டதாரி விசாவுக்கு அந்நாட்டிலேயே குறைந்தது 16 மாதம் இருந்து இரண்டு கல்வியாண்டுப் படிப்பை முடித்திருக்கவேண்டும். அங்கே கழித்த ஒற்றை ஆண்டு அதற்குப் போதாது. பிரிட்டனின் கிராஜுவேட் விசாவில், ஓராண்டுக்குள் முடியும் படிப்பானால் அதை முழுவதும் அங்கேயே படித்திருந்தால் போதும். எனினும் இதுவரை இரண்டாண்டாக இருந்த அந்த விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகக் குறைகிறது. ஆகவே படிப்புக் காலம் முழுவதும் வாடகையை வீட்டிலிருந்து அனுப்ப முடியாத குடும்பத்திற்கு நான் முதலில் சொல்வது பிரிட்டனுக்கான டூ பிளஸ் ஒன். ஆஸ்திரேலியாதான் வேண்டும் என்றால், இங்கு ஓராண்டும் அங்கு இரண்டாண்டுமாக அமையும் ஏற்பாட்டைத் தேடுங்கள்.

எந்த வழியானாலும் விண்ணப்பத்துக்கு முன் மாணவரின் கடப்பிதழைத் திறந்து காலாவதித் தேதியைப் பாருங்கள். நம் கடப்பிதழ் ஐந்தாண்டுக்கானது. பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும்போது எடுத்தது பெரும்பாலும் படிப்பின் நடுவே முடிந்துவிடும். வெளிநாட்டில் புதுப்பித்தால், ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் விசா மின்பதிவாகப் பழைய எண்ணோடு இணைந்திருக்கும். புதிய எண்ணை அவர்களின் இணையக் கணக்கில் மாற்றாமல் தீபாவளிக்கு ஊர் வந்தால், திரும்பும்போது விமான நிலைய முகப்பிலேயே நிறுத்திவிடக்கூடும்.