நோயால் வருமானம் குறைந்தபின்: ஐ.பி. கொடுப்பதா, பேசித் தீர்ப்பதா?

கணக்குக்காக ஈரோட்டில் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். சாயப்பட்டறையில் மேற்பார்வையாளராக மாதம் ரூ.32,000 வாங்கிய 46 வயதுக்காரர் ஒருவர், சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் அதற்கே போய்விடுவதால், அரைநாள் வேலையும் ரூ.14,000 சம்பளமும்தான் இப்போது மிச்சம். மனைவி தையல் கூடத்தில் ரூ.9,000 வாங்குகிறார். தனிநபர் கடன் ரூ.3.2 லட்சம், கிரெடிட் கார்டு ரூ.1.4 லட்சம், புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய கைக்கடன் ரூ.2 லட்சம் என்று மொத்தம் ரூ.6.6 லட்சம் நிற்கிறது. தனிநபர் கடனுக்கு, உடன் வேலை செய்யும் நண்பர் ஜாமீன் போட்டிருக்கிறார். புரோநோட்டோடு, தொகை நிரப்பாத காசோலைகள் இரண்டு கைமாறியிருக்கின்றன.

இந்த நிலையில் இருப்பவரிடம் ‘பேசாமல் ஐ.பி. கொடுத்துவிடு’ (கடனை அடைக்க முடியாது என்று நீதிமன்றத்தில் நொடிப்பு மனு போடு) என்று சொல்கிறவர்களும், ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு ஊரில் எப்படித் தலைகாட்டுவது’ என்று தடுக்கிறவர்களும் சம அளவில் இருப்பார்கள். இருவருமே கடன்களை ஒரே மூட்டையாகப் பார்க்கிறார்கள் என்பதுதான் சிக்கல். எந்தக் கடனுக்குப் பின்னால் சொத்து நிற்கிறது, எதற்குப் பின்னால் இன்னொரு மனிதர் நிற்கிறார், எதற்குப் பின்னால் காசோலை இருக்கிறது, எதற்குப் பின்னால் எதுவுமே இல்லை என்று பிரித்த பிறகுதான் இரண்டு வழிகளையும் ஒப்பிட முடியும்.

ஐ.பி. என்பது எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 2016-இல் வந்த நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் தனிநபருக்கென்றே ஒரு பகுதி எழுதப்பட்டிருந்தாலும், 2019 டிசம்பர் 1 முதல் அது நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. சாதாரணக் கடனாளிக்கு அது திறக்கப்படவில்லை. அதிலுள்ள ‘புதிய தொடக்கம்’ என்ற ஏற்பாடு, ஆண்டு வருமானம் ரூ.60,000-க்கும், சொத்து ரூ.20,000-க்கும், தகுதியுள்ள கடன் ரூ.35,000-க்கும் மிகாமல், சொந்த வீடும் இல்லாதவருக்காக எழுதப்பட்டது. அது நாளைக்கே அமலுக்கு வந்தாலும் நம் ஈரோட்டுக்காரருக்கு உதவாது. எனவே அவருக்கு எஞ்சியிருப்பது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். சென்னை நகரவாசியாக இருந்தால் 1909-ஆம் ஆண்டின் பிரசிடென்சி நகரங்கள் நொடிப்புச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். நூறாண்டு பழைய சட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. நோயாளிக்குச் சாதகமான சில வரிகள் அதற்குள் இருக்கின்றன.

சொந்த வீடு இருந்தால்

இதே மனிதருக்கு ரூ.22 லட்சம் மதிப்புள்ள வீடும், அதன்மேல் ரூ.9 லட்சம் வீட்டுக்கடன் நிலுவையும் இருப்பதாகக் கொண்டால், ஐ.பி. என்ற யோசனையை அங்கேயே கைவிட்டுவிடலாம் என்பது என் திடமான கருத்து. நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் அவருடைய சொத்து நீதிமன்றத்துக்கோ, அதன் சார்பில் சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரியான அபிஷியல் ரிசீவருக்கோ போய்ச் சேர்கிறது. அடமானம் வைத்திருக்கும் வங்கியின் உரிமையை அந்த அறிவிப்பு தொடுவதே இல்லை. வங்கி தன் வழியில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, அடமானச் சொத்தை வழக்கின்றியே விற்க வங்கிக்கு இடம் தரும் சர்ஃபாசி சட்டத்தின்படி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகலாம். ஏலத்தில் போகும் வீடு சந்தை விலையை எட்டுவது அரிது. அதே வீட்டை அவரே நிதானமாக விற்றால் வங்கிக்கு ரூ.9 லட்சம், மற்றவர்களுக்கு ரூ.6.6 லட்சம் போக ரூ.6.4 லட்சம் கையில் நிற்கும். நண்பரும் தப்பிப்பார், காசோலைகளும் திரும்பி வரும். கடனை முழுமையாக அடைத்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதி.

வீட்டை விற்க மனம் வராதவர்கள் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்பார்கள். 9 சதவீத வட்டியில் எட்டு ஆண்டு பாக்கியுள்ள ரூ.9 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் ரூ.13,185, அதைப் பதினைந்து ஆண்டாக நீட்டினால் சுமார் ரூ.9,128 ஆகும். மாதம் நான்காயிரம் குறைகிறது, மொத்தத்தில் மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போகிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு பழைய வேலைக்குத் திரும்பும் வாய்ப்பை மருத்துவர் உறுதியாகச் சொன்னால் இந்த விலை கொடுக்கத் தகுந்தது, இல்லையென்றால் ரூ.23,000 குடும்ப வருமானத்தில் அந்தத் தவணை மருந்தோடும் சாப்பாட்டோடும் போட்டி போடும். காசநோய், விபத்து, இதய அறுவை சிகிச்சை போல மீண்டெழக்கூடிய நோய்களுக்குத்தான் தவணை நீட்டிப்பு பொருத்தமானது. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும் என்பதால், கேட்பதை அதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும்.

‘வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு ஐ.பி. கொடு’ என்ற யோசனையையும் யாராவது சொல்வார்கள். விலை வாங்காமல் எழுதிக் கொடுத்த அந்தப் பத்திரத்தை, இரண்டு ஆண்டுக்குள் நொடிப்பு மனு வந்தால் நீதிமன்றம் ரத்து செய்ய முடியும் என்று 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு சொல்கிறது. வீடு போவதோடு, நோயால் நொடித்துப்போன நேர்மையான மனிதர் என்ற நிலையும் நீதிமன்றத்தின் கண்ணில் போய்விடும்.

வாடகை வீட்டில் இருப்பவருக்கு

உண்மையான ஒப்பீடு தேவைப்படுவது சொந்த வீடு இல்லாதவருக்குத்தான். அவர் முன்னால் மூன்று வழிகள் உள்ளன: ஒரே தவணையில் பேசித் தீர்ப்பது, எதுவும் செய்யாமல் சட்டம் தரும் பாதுகாப்புக்குள் இருப்பது, ஐ.பி. கொடுப்பது.

பலரும் எண்ணிப் பார்க்காத இரண்டாவது வழியிலிருந்து தொடங்குகிறேன். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு டிக்ரி (பணம் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை) வாங்கினாலும் கடனாளியின் எல்லாவற்றையும் ஜப்தி செய்ய முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி, கழுத்திலிருக்கும் தாலி, ஆயுள் காப்பீட்டுத் தொகை ஆகியவற்றை விலக்கி வைக்கிறது. கூலித் தொழிலாளியின் கூலியைத் தொடவே முடியாது. சம்பளக்காரரின் சம்பளத்தில் முதல் ரூ.1,000-மும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கே. நம் ஈரோட்டுக்காரரின் ரூ.14,000-இல் இப்படி ரூ.9,667 காப்பாற்றப்பட்டு, மாதம் ரூ.4,333 மட்டுமே ஜப்திக்கு உட்படும். அதுவும் ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்த பிறகு, அந்த டிக்ரிக்கு அந்தச் சம்பளத்தை மறுபடி தொட முடியாது. ஆக, ரூ.3.2 லட்சத்துக்கு டிக்ரி வாங்கிய வங்கிக்கு அவர் சம்பளத்திலிருந்து கிடைப்பது அதிகபட்சம் ரூ.1.04 லட்சம். இந்தக் கணக்கு கையில் இருந்தால் பேச்சுவார்த்தை மேசையில் அவர் உட்காரும் தோரணையே மாறும்.

ஜெயிலுக்குப் போக நேருமோ என்ற பயம் நோயைவிடக் கொடுமையாகச் சிலரை அரிக்கிறது. பணமிருந்தும் கொடுக்க மறுப்பவரைத்தான் டிக்ரிக்காகச் சிறையில் வைக்கலாம், இல்லாமையால் கொடுக்க முடியாதவரை வைக்கக் கூடாது என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. கடும் நோயுற்றவருக்கு எதிரான கைது உத்தரவை ரத்து செய்ய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தருகிறது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது 2022 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு; டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவரை மிரட்டும் முகவர் மீது ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். வங்கிக்கு வெளியே மீட்டர் வட்டி, தண்டல் என்று கறப்பவர்களுக்கு 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது.

ஆனால் சும்மா இருப்பது காசோலைக்கு முன்னால் செல்லாது. காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வருவது குற்றவியல் வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதம். நொடிப்பு உத்தரவு வாங்கியிருந்தாலும் அந்த வழக்கு நிற்காது. ஜாமீன்காரர் விஷயமும் அப்படியே. நொடித்தவரை நீதிமன்றம் கடன்களிலிருந்து விடுவித்தாலும் அவருக்காகக் கையெழுத்துப் போட்டவருக்கு விடுவிப்பு இல்லை என்று 1920-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கேண்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட நண்பரின் சம்பளத்தில் ஜப்தி விழும்படி விட்டுவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியுமா என்பது சட்டக் கேள்வி இல்லைதான். ஆனாலும் அதை ஒதுக்கிவிட்டு இந்த முடிவை எடுக்கக் கூடாது.

அதனால்தான் பேசித் தீர்ப்பதை எல்லாக் கடனுக்கும் ஒரே மாதிரி செய்யாமல், புரோநோட்டும் ஜாமீன் கடனும் முதலில், கிரெடிட் கார்டு கடைசியில் என்று வரிசைப்படுத்தச் சொல்கிறேன். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடித்தால் அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது, வழக்கு நிலுவையில் இருந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பி வரும். காசோலைகளைத் திருப்பிக் கொடுப்பதையும் தீர்வின் ஒரு வரியாக எழுதச் சொல்லலாம். வங்கியோடு ஓ.டி.எஸ். (ஒரே தவணையில் கடன் தீர்ப்பது) பேசினால், தொகையும் தேதியும் குறித்து, மீதி தள்ளுபடி என்று வங்கியின் கடிதம் வராமல் ஒரு ரூபாயும் கட்டக் கூடாது. தொலைபேசியில் முகவர் தரும் வாக்கு எதற்கும் உதவாது. கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகி, அடுத்த கடன் கிடைப்பது கடினமாகும் என்று பயமுறுத்துவார்கள். வருமானம் பாதிக்கும் கீழே இறங்கிய நோயாளிக்கு அடுத்த கடன் கிடைக்காமல் போவது, சொல்லப்போனால், பெரிய நஷ்டமே இல்லை.

மொத்தப் பணத்துக்கு எங்கே போவது என்ற இடத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் வழுக்கி விழுகின்றன. பி.எஃப். பணத்தை எடுத்து கிரெடிட் கார்டுக்குக் கட்டுகிறார்கள். வருங்கால வைப்புநிதிச் சட்டப்படி அந்தப் பணத்தை எந்த டிக்ரிக்காரரும் ஜப்தி செய்ய முடியாது. நொடிப்புச் சட்டத்தின் ரிசீவரும் அதில் கை வைக்க முடியாது. எந்தக் கடன்காரரும் எடுக்க முடியாத பணத்தை, சொத்தும் ஜாமீனும் இல்லாத கடனுக்கு நாமே கொண்டுபோய்க் கொட்டுவது வீண். மனைவியின் நகைக்கும் இதுவே பொருந்தும். அது அவர் சொத்து, கணவர் கடனுக்கு அது பொறுப்பல்ல. மனைவி மனமுவந்து கொடுத்தாலும் காசோலைக்கும் ஜாமீனுக்கும் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐ.பி.க்கு ஓர் இடம் இருக்கிறது. காசோலையும் ஜாமீனும் தீர்ந்து, சொத்து ஈடு இல்லாத கடன்கள் மட்டும் பல பேரிடம் மிஞ்சி, ஒருவர் மாற்றி ஒருவர் டிக்ரியோடு வந்து சம்பளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, நோயும் நிரந்தரம் என்றாகிவிட்டால், நொடிப்பு மனு அர்த்தமுள்ளது. அறிவிப்பு உத்தரவு வந்தபின் நீதிமன்ற அனுமதியின்றி யாரும் புதிதாக வழக்குப் போட முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு விலக்கி வைத்தவை ரிசீவருக்கும் போகாது. கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்குக்கூடச் சொத்து இல்லாதவருக்கு முழு விடுவிப்பை மறுக்க வேண்டும் என்று சொல்லும் நொடிப்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, அந்த இல்லாமை அவரைப் பொறுப்பாக்க முடியாத சூழ்நிலையால் வந்தது என்று மெய்ப்பித்தால் அந்தத் தடையை விலக்குகிறது. சிறுநீரகம் செயலிழந்ததைவிட அந்த வரிக்குப் பொருத்தமான சூழ்நிலை வேறென்ன இருக்க முடியும்? சீட்டுப் பணத்தைச் சுருட்டிவிட்டு ஐ.பி. கொடுத்தவர்களால் அந்தச் சொல்லின்மேல் ஏறிய கறையை, மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவர் சுமக்க வேண்டிய அவசியமில்லை.

எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டியவையும் கனமானவை. மனு போட்டதுமே வழக்குகள் நின்றுவிடுவதில்லை. பாதுகாப்பு உத்தரவோடுதான் வருகிறது, உத்தரவுக்கு நீண்ட காலம் ஆகலாம். உத்தரவு அரசிதழில் வெளியாகும். விடுவிப்புக்கு முன் அவருக்கு வந்து சேரும் சொத்தும் ரிசீவருக்கே போகும் என்பதால், வயதான தந்தையின் நிலத்தில் பங்கு எதிர்பார்ப்பவர் மிகவும் யோசிக்க வேண்டும். தன் நிலையைச் சொல்லாமல் ரூ.50-க்கோ அதற்கு மேலோ கடன் வாங்குவதுகூட 72-ஆம் பிரிவில் குற்றம். மளிகைக் கடைக் கணக்கே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். உள்ளாட்சித் தேர்தலில் நிற்கவும் முடியாது.

அறிவிப்பு உத்தரவிலேயே, எத்தனை மாதத்துக்குள் விடுவிப்புக்கு மனுச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் குறித்திருக்கும். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் 43-ஆம் பிரிவின்படி அறிவிப்பே ரத்தாகி, எல்லாக் கடன்காரர்களும் பழையபடி வாசலுக்கு வந்துவிடுவார்கள். எனவே மனு போடுவதானால், வழக்கறிஞர் அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் போகும் முதல் நாளிலேயே மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் அறிக்கைகள், டயாலிசிஸ் அட்டை, நோய்க்கு முன்னும் பின்னுமான சம்பளச் சீட்டுகள், ஒவ்வொரு கடன்காரரின் பெயரும் தொகையும் எழுதிய பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்துவிட வேண்டும். விடுவிப்புக்கான கெடுத் தேதியை நோயாளியிடம் மட்டும் விட்டுவிடாமல், வீட்டில் இன்னொருவரும் தன் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும்.