யூடைஸ் பிளஸ் தளம்: ஊர்ப் பள்ளியை எடைபோட உதவுமா?

நாகை, திருவாரூர்ப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்குமுன், பள்ளிவாரியாக விவரம் தரும் மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் (UDISE+) தளத்தைப் பாருங்கள். 33 என்று தொடங்கும் 11 இலக்கப் பள்ளிக் குறியீட்டைத் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஊர்ப்பெயரைத் தட்டினால் எழுத்துக்கூட்டல் மாறி வேறு ஊர் வந்து நிற்கும்.

கழிப்பறை, குடிநீர் விவரமெல்லாம் நேரில் போனாலே தெரிந்துவிடும். வகுப்புவாரிச் சேர்க்கைதான் இதில் சரக்கு. மூன்று ஆண்டுக் கணக்கை அருகருகே வையுங்கள். ஐந்தாம் வகுப்பில் எட்டுப் பேர், ஒன்றாம் வகுப்பில் இரண்டு பேர் என்றால் பள்ளி தேய்கிறது. அதற்குக் கற்பித்தலே காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எல்.கே.ஜி.க்கே தனியார் பள்ளி வேனில் ஏறிய பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு ஊருக்குத் திரும்புவது அபூர்வம்.

ஆசிரியர் விகிதம் ஏமாற்றும். 22 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர், 11 பேருக்கு ஒருவர். பிரமாதம்! ஆனால் வகுப்பு ஐந்தாயிற்றே? ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்தும் மற்றவர் தலையில். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கநிலையில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்தான் கேட்கிறது. ஆகவே விதிமீறல் என்றும் சண்டை போட முடியாது.

பெரிய குறை, பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்பதை இந்தத் தளம் சொல்லாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.