இரண்டு அழுத்த மீட்டர் இருந்தால் இரட்டை நிலை ரெகுலேட்டர் ஆகிவிடாது

செடி வளர்க்கும் மீன் தொட்டிக்குக் கார்பன் டை ஆக்சைடு செட் வாங்கப் பணம் ஒதுக்கி வைத்திருப்பவர்கள், குறிப்பாக வண்ணமீன் கடைகள் நிறைந்த சென்னை கொளத்தூர்ப் பக்கம் போகிறவர்கள், கடைக்குள் நுழையும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. அதே தெருவில் யோக்கியமாக வியாபாரம் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் வருடக்கணக்காக மீன் வாங்குவதும் அவர்களிடம்தான். ஆனால் எனக்கு விற்ற சரக்கைப் போலவே இன்னும் பல கடைகளின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

நான் கேட்டது, சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து வாயுவை வெளியே விடும் ரெகுலேட்டரில் இரட்டை நிலை வகை. “இதோ பாருங்கள் சார், இரண்டு மீட்டர். டபுள் ஸ்டேஜ்தான்” என்று பளபளப்பான ஒன்றை மேசைமேல் வைத்தார். மின்சாரத்தால் வாயுவைத் திறந்து மூடும் சோலனாய்டு, போகும் வாயுவைக் குமிழிகளாகக் காட்டும் பபிள் கவுன்ட்டர் எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். இரண்டு கிலோ சிலிண்டருக்குத் தனியாக 5,000. சிலிண்டரைத் திறந்து, மீட்டரின் முள் 60 பார் அழுத்தத்தைத் தொட்டு நிற்பதைக் காட்டி, “ஃபுல், ஆறு மாதத்துக்குக் கவலையே வேண்டாம்” என்றார்.

இரண்டுமே பொய். ஒரு மீட்டர் சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டுகிறது, மற்றது வெளியே போகும் அழுத்தத்தைக் காட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. இரட்டை நிலை என்றால் அழுத்தத்தைக் குறைக்கும் அறைகளே உள்ளே இரண்டு இருக்கவேண்டும். முதல் அறை ஒரு மட்டத்துக்குக் குறைத்துக் கொடுத்ததை இரண்டாவது அறை இன்னும் குறைத்து, ஒரே சீராக வெளியே விடும். உடலைப் பார்த்தாலே அறைகள் இரண்டு தெரியும், கையில் எடுத்தால் கனமும் தெரியும். இதில் ஒன்றுதான் இருந்தது.

ஒற்றை நிலையில் என்ன சிக்கல் என்றால், உள்ளே இருக்கும் வால்வை ஸ்பிரிங் திறக்கப் பார்க்கும், சிலிண்டரின் அழுத்தம் மூடப் பார்க்கும். சிலிண்டர் தீரும் தறுவாயில் மூடும் பக்கம் தளர்ந்து ஸ்பிரிங்கின் கை ஓங்கும். விளைவு, வாயு குறையவேண்டிய நேரத்தில் வெளியே போகும் அழுத்தம் ஏறுகிறது. வாயுவின் ஓட்டத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வும் மட்டமானதாக இருந்தால் மிச்சமிருக்கும் வாயு மொத்தமும் தொட்டிக்குள் கொட்டிவிடும். இது தெரிந்துதான் இரட்டை நிலை கேட்டேன், அதற்குத்தான் காசும் கொடுத்தேன்.

ஆறு மாதம் என்றவருடைய சிலிண்டர் இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அலுவலகத்திலிருந்து வந்து விளக்கைப் போட்டால், பபிள் கவுன்ட்டரில் குமிழிகளை எண்ணவே முடியவில்லை. ஒரே கம்பியாக ஓடிக்கொண்டிருந்தது. கார்டினல் டெட்ராக்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. இறால்கள் மணல்மேல் மல்லாந்து கிடந்தன. சிலிண்டர் வால்வை மூடி, ஏர் பம்பைப் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றினேன். பாதிக்கு மேல் மீன்கள் விடியும் முன்பே போய்விட்டன. செடிகள் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றன.

கடையில் போய்க் கேட்டதற்கு, “இணைப்பில் எங்காவது கசிவு இருக்கும் சார், சோப்புத் தண்ணீர் போட்டுப் பாருங்கள்” என்றார். முதல் நாளே போட்டுப் பார்த்தாகிவிட்டது, ஒரு குமிழிகூட வரவில்லை. சரி, மறுபடி நிரப்பித் தாருங்கள் என்றேன். பெரிய சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் வழியாக இதற்கு மாற்றிவிட்டு, மறுபடியும் அதே 60 பாரைக் காட்டினார். ரெகுலேட்டரைக் கழற்றிச் சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போய், மூன்று கடை தள்ளியிருந்த பழைய பேப்பர் கடையின் தராசில் வைத்தேன். கழுத்தில் பொறித்திருந்த காலி எடை 6.1 கிலோ. தராசு காட்டியது 7.0 கிலோ. இரண்டு கிலோவுக்குக் காசு வாங்கிக்கொண்டு நிரப்பியது 900 கிராம்.

மீட்டர் எப்படி 60 காட்டியது? கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் பெரும்பாலும் திரவமாகத்தான் இருக்கிறது. திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே: 25 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 64 பார். ஒரு கிலோ இருந்தாலும் அதுதான், இரண்டு கிலோ இருந்தாலும் அதுதான். திரவம் தீர்ந்த பிறகுதான் முள் இறங்க ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் முள் 70-ஐத் தாண்டியதைப் பார்த்து, கடைக்காரர் தாராளமாக நிரப்பியிருக்கிறார் என்று மகிழ்ந்தவர்களையும் எனக்குத் தெரியும். சமையல் கேஸ் சிலிண்டரைப் போல இதையும் எடை போட்டுத்தான் வாங்கவேண்டும்.

அந்தச் சிலிண்டரை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாயு நிரப்பும் ஓரிடத்துக்குக் கொண்டுபோனபோது மீதிக் கதையும் வெளியே வந்தது. அங்கிருந்த பெரியவர் சாவியால் கறுப்புப் பெயின்டைச் சுரண்டினார். கீழே சிவப்பு. “இது தீயணைப்பான் தம்பி” என்றார். கடைசியாகச் சோதனை செய்த ஆண்டு 2014 என்று பொறித்திருந்தது. இவ்வகைச் சிலிண்டர்களை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்தவேண்டும். சோதனைக் காலம் கடந்ததை நிரப்ப முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி. 60 பார் அழுத்தத்தை வரவேற்பறையில் வைத்திருக்கிறோம், பக்கத்தில் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

தீயணைப்பானில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அதற்குள் அடிவரை நீளும் ஒரு குழாய் இருக்கும், அது வாயுவுக்குப் பதில் திரவத்தை மேலே தள்ளும். என் சிலிண்டரில் அதை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். நண்பர் ஒருவருக்கு எடுக்காமலே விற்றிருக்கிறார்கள். ரெகுலேட்டர் முழுக்கப் பனி படர்ந்து இரண்டே நாளில் பாழானது.

தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் விஷயத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதைத் தப்பாக நிரப்பினாலும் மீன்கள் சாகலாம். அதில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி நான்கு சொட்டு நிறங்காட்டி மருந்து விடுங்கள், பச்சை வரும்வரை வாயுவைக் கூட்டுங்கள் என்றார் அதே கடைக்காரர். கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரி உள்ள கரைசலை ஊற்றினால்தான் பச்சை நிறம் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு என்று பொருள்படும். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் அந்தக் கடினத்தன்மை 12 டிகிரி இருந்தால், பச்சை வரும்போது 90 மில்லிகிராமை எட்டியிருக்கும். மீன் அதற்கு முன்பே மேலே வந்துவிடும். நல்லவேளை, கரைசலை நான் வேறு இடத்தில் வாங்கியிருந்தேன். அவர் சொல்லைக் கேட்டு நடந்தவர்கள் எத்தனை பேரோ.

ஒற்றை நிலை ரெகுலேட்டரே ஆகாது என்று நான் சொல்லவில்லை. முள் 60-லிருந்து இறங்கத் தொடங்கியதுமே சிலிண்டரை மாற்றிவிடுகிறவர்களுக்கு அது தாராளமாகப் போதும், பாதிப் பணமும் மிச்சம். அனூபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் செடிகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை. ஒற்றை நிலையை அதன் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு விற்கட்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரெகுலேட்டர் வேலை செய்கிறதே என்றார். பில்லைக் காட்டி வாதாடலாம் என்றால், கையில் இருந்தது “எஸ்டிமேட்” என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு. அதில் “சி.ஓ.2 செட், 1” என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஜி.எஸ்.டி. பில் கேட்டால் 18 சதவீதம் கூடும் என்று அவர் சொன்னபோது எதற்கென்று புரியவில்லை, இப்போது புரிகிறது. வாங்குகிறவர்கள் “இரட்டை நிலை” என்ற சொல்லையும் சிலிண்டரின் எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கடைசியில், செத்த மீனுக்கு ஈடாகப் பத்து நியான் டெட்ரா தருகிறேன் என்றார். நான் வாங்கவில்லை. எஸ்டிமேட் சீட்டு, தராசுப் படம், சுரண்டிய சிலிண்டரின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன்.